மகள் கல்யாணப் பத்திரிகைக்கு 66 ஆயிரம் ரூபாயா?

வாசகர் கேள்வி – குடும்ப நிதி ஆலோசகர் பதில்

வேலூர் மாவட்டத்துச் சிறு நகரம் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். தையல் கடை வைத்து இரண்டு பிள்ளைகளை வளர்த்தவர். கணவர் இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. மகன் ஓசூரில் வேலை பார்க்கிறார். மகளுக்குத் தை மாதக் கடைசி வாரத்தில் திருமணம். கடிதத்தின் சாரம் இது:

"எங்கள் பக்கம் 1,100 பேர் வருவார்கள். மகளுக்கும் மாப்பிள்ளை வீட்டாருக்கும் பிடித்த பெட்டி மாதிரியான கார்டு ஒன்று 52 ரூபாய். எங்களுக்கு 800 வேண்டும். அதில் 200 என் கணவரின் அண்ணன் பெயரில் தனியாக அடிக்க வேண்டுமாம். தாலி இழந்தவள் பெயர் அழைப்பவராக வரக் கூடாது என்று சொந்தத்தில் சொல்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டுக்கு 300 கார்டும் நாங்களே அடித்துத் தர வேண்டுமாம். மூன்று விதமான வாசகத்துக்குத் தலா 3,000 ரூபாய் அச்சுக்கூலி. எல்லாம் சேர்ந்து 66,200 ஆகிறது. கடையில் 5,000 முன்பணம் கொடுத்துவிட்டேன், ரசீது தரவில்லை. பில் போட்டால் விலை கூடுமாம். முன்பணம் திரும்ப வராது என்கிறார்கள். மகனின் நண்பர் வழியாகச் சிவகாசியில் கேட்டதில், கவரோடு சேர்த்து 500 கார்டு 9,500, 1,000 கார்டு 14,000 என்றார்கள். மகனோ 'கார்டே வேண்டாம், வாட்ஸ்அப் போதும்' என்கிறான். கார்டு இல்லாவிட்டால் கல்யாணத்தைப் பதிவு செய்ய முடியாதே என்று பயமாக இருக்கிறது. பத்திரிகை வைக்கப் பத்து நாள் வாடகை கார் என்றால் இன்னொரு 25,000. எதைக் குறைப்பது?"

அம்மா, உங்கள் கணக்கில் கூட்டல் பிழை எதுவும் இல்லை. ஆனால் கணக்கு தொடங்கிய இடமே தவறு. 52 ரூபாய் என்ற விலையைத்தான் எல்லோரும் பார்க்கிறீர்கள். உங்கள் செலவை ஏற்றுவது கார்டுகளின் எண்ணிக்கையும், எத்தனை விதமாக அடிக்கிறீர்கள் என்பதும்தான். இந்த இரண்டையும் சரிசெய்தால், தாளின் தரத்தில் கை வைக்காமலேயே பெரும்பகுதிப் பணம் மிஞ்சும்.

முதலில் வீடுகளை எண்ணுங்கள்

பத்திரிகை வீட்டுக்கு ஒன்று. பந்திக்குத் தலையை எண்ண வேண்டும், பத்திரிகைக்கு வாசலை எண்ண வேண்டும். 1,100 பேர் என்பது வீட்டுக்கு மூன்று நான்கு பேர் என்று வைத்தால் சுமார் 275 முதல் 365 வீடுகள். 800 கார்டு வாங்கினால் பாதிக்கு மேல் கல்யாணத்துக்குப் பிறகு பரணில்தான் கிடக்கும்.

பட்டியல் போட உங்களிடம் நல்ல ஆவணம் ஏற்கெனவே இருக்கும். வீட்டு விசேஷங்களில் எழுதிய மொய் நோட்டை எடுங்கள். ஊர், பெயர், உறவு எல்லாம் அதில் இருக்கிறது. புது நோட்டில் ஊர்வாரியாக, தெருவாரியாக எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மூன்றில் ஒன்றைக் குறியுங்கள்: நேரில் வைக்க வேண்டியவர், தபாலில் அனுப்பலாம், வாட்ஸ்அப் போதும். கூட்டுக் குடும்பமாக ஒரே வீட்டில் இருக்கும் அண்ணன் தம்பிகளுக்குத் தனித்தனியாக வைப்பது உங்கள் வழக்கமானால், அங்கே மட்டும் இரண்டு எழுதுங்கள். கடைக்குத் துணி தைக்கக் கொடுப்பவர்களுக்கு வாட்ஸ்அப் படமும், கடையில் பார்வையாக ஒட்டிய ஒரு கார்டும் போதும். மகனின் அலுவலகத்துக்குப் பொதுவாக ஒன்று.

வந்த எண்ணிக்கையோடு 25 முதல் 40 கார்டு கூட்டிக்கொள்ளுங்கள். இந்த இடத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். பிறகு "30 குறைகிறது" என்று போனால், அச்சகம் வாசகம் பதித்த அச்சுத் தகட்டை ஏற்றி இயந்திரத்தைச் சரிசெய்யும் வேலையை முதலிலிருந்து செய்ய வேண்டும். அந்த 30 கார்டுக்குச் சில ஆயிரங்கள் கேட்பார்கள். உங்களுக்கு 400 போதும் என்று வைத்து மேலே பேசுகிறேன்.

சிவகாசி விலையை எப்படிப் படிப்பது

500 கார்டு 9,500. 1,000 கார்டு 14,000. கூடுதல் 500-க்கு 4,500, அதாவது கார்டுக்கு 9 ரூபாய். அப்படியானால் ஏறத்தாழ 5,000 ரூபாய் என்பது நீங்கள் எத்தனை அடித்தாலும் ஆகும் ஆரம்பச் செலவு: வடிவமைப்பு, நான்கு வண்ணத்துக்கு நான்கு தகடு, இயந்திரம் சரியான நிறத்துக்கு வரும்வரை வீணாகும் தாள். ஆஃப்செட் அச்சு இப்படித்தான். இதைப் புரிந்துகொண்டால் மாப்பிள்ளை வீட்டாரோடு சேர்ந்து ஒரே ஆர்டராகக் கொடுப்பது ஏன் லாபம் என்பதும் புரியும். உங்களுக்கு 400, அவர்களுக்கு 300, மொத்தம் 700 என்றால் இந்தக் கணக்கில் சுமார் 11,300 ரூபாய். எண்ணிக்கைப்படி பிரித்தால் உங்கள் பங்கு சுமார் 6,450. லாரி பார்சல் கூலியும், இரண்டாவது வாசகத்துக்கான தகட்டுச் செலவும் தனி.

அந்தத் தகட்டுச் செலவைக் குறைக்க ஒரு வழி உண்டு. பிள்ளையார், கோலம், பூ வேலை எல்லாம் நான்கு வண்ணத்தில் இருக்கட்டும். எழுத்துகள் அனைத்தும் சுத்தக் கறுப்பில் மட்டும் இருக்க வேண்டும் என்று வடிவமைப்பவரிடம் சொல்லுங்கள். அப்போது உங்கள் 400 ஓடி முடிந்ததும் கறுப்புத் தகடு ஒன்றை மட்டும் கழற்றி, மாப்பிள்ளை வீட்டு வாசகத் தகட்டை மாட்டி மீதி 300-ஐ ஓட்டலாம். எழுத்தை மெரூன், பச்சை என்று கலப்பு நிறத்தில் வைத்தால் இரண்டு மூன்று தகடு மாற வேண்டும். போதாததற்கு வண்ணங்கள் இம்மி விலகினாலும் சின்னத் தமிழ் எழுத்து இரட்டையாகத் தெரியும். வயதானவர்களால் படிக்க முடியாது.

அளவையும் பாருங்கள். மடித்தால் 4¾ க்கு 6¾ அங்குலம் வரும் கார்டு, 20 க்கு 30 அங்குலத் தாளில் எட்டு நிற்கும். மடித்தால் 8 அங்குலச் சதுரம் வரும் கார்டு அதே தாளில் மூன்றுதான். சதுரக் கார்டு ஏன் விலை கூடுகிறது என்பதற்குப் பெரிய காரணம் இதுதான். வேலைப்பாடு அடுத்தபடி. கவர் கடையில் தயாராகக் கிடைக்கும் அளவு எது என்று கேட்டுவிட்டு, அதற்குள் போகிற மாதிரி கார்டின் அளவை முடிவு செய்யுங்கள். கார்டு முதலில், கவர் பிறகு என்று போனால் கவரைத் தனியாக வெட்டி ஒட்ட வேண்டிவரும்.

இன்னும் சில இடங்களில் காசு வீணாகும், அல்லது வேலை கெடும்:

தங்க நிறம் வேண்டுமென்றால் ஃபாயில் எனப்படும் மினுமினுக்கும் மெல்லிய ஏட்டை ஒட்ட வேண்டும். நான்கு வண்ண அச்சில் தங்கம் வராது, கடுகு நிறம்தான் வரும். ஃபாயிலுக்குத் தனி பிளாக் செய்வார்கள், அதன் விலை பரப்பளவைப் பொறுத்தது. பிள்ளையாரை மட்டும் சிறிதாகத் தங்கத்தில் வைத்தால் போதும், ஓரம் முழுவதும் வேண்டாம்.

பளபளப்பு லேமினேஷன் போட்டால் நான்கு மூலையிலும் தடவும் மஞ்சள் ஒட்டாது, உதிர்ந்து கவருக்குள் கொட்டும். லேமினேஷன் இல்லாத 300 ஜி.எஸ்.எம். அட்டை (ஒரு சதுர மீட்டர் 300 கிராம் எடையுள்ளது) தாராளமாகப் போதும். ஆனால் அந்தத் தடிமனில் கிரீசிங், அதாவது மடிக்கும் இடத்தில் அழுத்தித் தடம், போடாமல் மடித்தால் மடிப்பில் வண்ணம் வெடித்து வெள்ளைக் கோடு தெரியும். விலை பேசும்போதே "கிரீசிங்கும் சேர்த்தா?" என்று கேளுங்கள்.

அடர் மெரூன், அடர் பச்சைக் கவர் வேண்டாம். அதன்மேல் பேனாவால் பெயர் எழுத முடியாது, ஸ்டிக்கர் அடிக்க வேண்டிவரும். வெளிர் மஞ்சளோ சந்தன நிறமோ நல்லது.

மகளின் ஆசையை என்ன செய்வது

"முக்கியமானவர்களுக்கு மட்டும் 40 பெட்டி கார்டு வாங்கி, மற்றவர்களுக்குச் சாதாரண கார்டு" என்று யாராவது உங்களிடம் யோசனை சொல்லக்கூடும். கேட்கச் சிக்கனமாக இருக்கும். கணக்குப் போட்டால்: 40 கார்டு 2,080 ரூபாய், வாசகம் அச்சிட 3,000 ரூபாய், மொத்தம் 5,080. ஒரு கார்டு 127 ரூபாய் ஆகிறது. அதோடு, யாருக்கு எந்தக் கார்டு வந்தது என்ற பேச்சு உறவுக்குள் கிளம்பும். அதைச் சமாளிக்கிற வேலையும் உங்கள் தலையில்தான் விழும்.

மகளிடம் மனம்விட்டுப் பேசுங்கள். அவருக்குப் பிடித்தது அந்தப் பெட்டியா, அதிலிருந்த ஓவியமும் நிறமுமா என்று கேளுங்கள். ஓவியமும் நிறமும் என்றால் அதே சாயலில் புதிதாக வரையச் சொல்லலாம். சிவகாசி ஆர்டரில் வடிவமைப்பு எப்படியும் உங்களுக்கென்று செய்யப்படுவது. கடைக் கார்டில் ஓவியம் ஏற்கெனவே ஆயிரக்கணக்கில் அச்சானது, உங்கள் பெயரை மட்டும்தான் புதிதாக அடிப்பார்கள். இதைச் சொன்னால் பெரும்பாலான பிள்ளைகள் சிவகாசிப் பக்கம் வந்துவிடுவார்கள். வடிவமைப்பை அவரே முன்னின்று செய்யட்டும். அப்படியும் ஒரு நினைவுப் பிரதி வேண்டுமென்றால், அதே ஓவியத்தைத் தடித்த அட்டையில் டிஜிட்டல் அச்சில் ஐந்தாறு எடுத்துக்கொள்ளலாம். டிஜிட்டலுக்குத் தகடு கிடையாது, அதனால் சின்ன எண்ணிக்கைக்கு அதுதான் சரி.

உங்கள் பெயரில் அழையுங்கள்

கடிதத்தில் இதை நீங்கள் ஒரே வரியில் எழுதிக் கடந்துவிட்டீர்கள். எனக்கு அதுதான் மிகவும் உறுத்தியது. தையல் இயந்திரத்தை மிதித்து மகளைப் படிக்கவைத்து, கல்யாணம் வரை கொண்டுவந்தவர் நீங்கள். அழைப்பவர் இடத்தில் உங்கள் பெயர் வருவதைத் தடுக்கிற சட்டமும் இல்லை, அரசு நடைமுறையும் இல்லை. "தெய்வத்திரு இன்னார் – திருமதி இன்னார் தம்பதியரின் மகள்" என்று மணமகள் வரியில் எழுதுங்கள். "தங்கள் நல்வரவை விரும்பும்" என்ற இடத்தில் உங்கள் பெயர், அதற்கடுத்து மகன் பெயர். உங்கள் கணவரின் அண்ணனும் அண்ணியும் பெரியவர்கள், அவர்களுக்குரிய மரியாதை கட்டாயம் வேண்டும். "பெரியப்பா, பெரியம்மா முன்னிலையில்" என்று முகூர்த்த வரியை ஒட்டியே அவர்கள் பெயரைப் போடுங்கள். அச்சுக்குப் போகும் முன் மாதிரியை எடுத்துக்கொண்டு நீங்களே அவர்கள் வீட்டுக்குப் போய்க் காட்டுங்கள். தனிக் கார்டு கேட்பவருக்குப் பெரும்பாலும் வேண்டியது தன் இடம் எது என்ற உறுதிதான். அவர் ஒப்புக்கொண்டால் ஒரு வாசகம் குறைகிறது, 200 கார்டும் குறைகிறது. ஒப்புக்கொள்ளாவிட்டாலும், அவருக்காக இரண்டாவது விதம் அடிக்கும் கடமை உங்களுக்கு இல்லை.

உறவினர் பெயர்ப் பட்டியலையும் ஒரே பக்கத்தில் அடக்குங்கள். தாய்மாமன், அத்தை, சித்தப்பா வரிசைக்குப் பிறகு "சுற்றமும் நட்பும்" என்று முடித்துவிடலாம். பெயர்கள் பெருகினால் உள்ளே இன்னொரு தாள் செருக வேண்டிவரும். அது அச்சுச் செலவு மட்டுமில்லை, தபால் செலவும்கூட. ஏனென்று கீழே சொல்கிறேன்.

மாப்பிள்ளை வீட்டுக் கார்டு

பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை வீட்டுக்கும் பத்திரிகை அடித்துத் தர வேண்டும் என்ற கட்டாயம் எங்கும் இல்லை. நம் பக்கம் பொதுவாக இரு வீட்டாரும் தனித்தனியாகத்தான் அடிக்கிறார்கள். அவர்கள் கேட்டது ஒருவேளை இரண்டு வீட்டுக் கார்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்ற எண்ணத்தில் இருக்கலாம். அப்படி எடுத்துக்கொண்டே பேச்சைத் தொடங்குங்கள்: "சம்பந்தியம்மா, ரெண்டு வீட்டுக் கார்டும் ஒரே டிசைன்லயே இருக்கட்டும். சேர்த்து அடிச்சா ரெண்டு பேருக்குமே குறையும். உங்க வாசகத்தை அனுப்புங்க, உங்க எண்ணிக்கைக்கு எவ்வளவு வருதுன்னு கேட்டுச் சொல்றேன்." மேலே சொன்ன கணக்கில் அவர்கள் பங்கு 5,000 ரூபாய்க்குப் பக்கத்தில்தான் வரும். மறுக்கிற தொகை இல்லை. மகனையோ, தாய்மாமனையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

இதைப் பெரிய சண்டையாக்க வேண்டாம். ஆனால் பத்திரிகையில் தொடங்கி, மண்டபம், நகை, வண்டி என்று ஒவ்வொன்றாகக் கேட்பு நீண்டால் அதை வேறு கண்ணோடு பாருங்கள். திருமணத்தை ஒட்டிப் பணமோ பொருளோ நிர்ப்பந்தித்துக் கேட்பது 1961-ஆம் ஆண்டு வரதட்சணைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். இப்போதைக்கு, யார் எப்போது என்ன கேட்டார்கள் என்று நோட்டில் குறித்து வைத்தால் போதும்.

கொடுத்த 5,000 ரூபாய்

முன்பணம் திரும்பவே வராது என்று கடைக்காரர் சொன்னதை அப்படியே நம்ப வேண்டாம், முழுவதும் உடனே கிடைத்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். ஆர்டரை மாற்றுவது நீங்கள். உங்களுக்காக அவர் கார்டு வாங்கியிருந்தாலோ, அச்சு வேலையைத் தொடங்கியிருந்தாலோ, அந்த நியாயமான இழப்பைக் கழிக்க அவருக்கு உரிமை உண்டு. எதுவும் தொடங்கவில்லை என்றால் முழுத் தொகையையும் வைத்துக்கொள்வது நியாயமில்லை.

முதல் வேலை, ரசீது இல்லாத குறையை ஈடுகட்டுவது. கடை எண்ணுக்கு இன்றே ஒரு செய்தி அனுப்புங்கள்: இந்தத் தேதியில், இந்த எண்ணுள்ள கார்டுக்காக 5,000 ரூபாய் கொடுத்தேன், கார்டு வாங்கும் முன் என்னைக் கேளுங்கள் என்று. அவர் "சரி" என்று பதில் போட்டால் அதுவே சான்று. ஜிபே போன்ற வழியில் செலுத்தியிருந்தால் அந்தப் பதிவை எடுத்து வையுங்கள்.

அடுத்து, உறவு கெடாத வழியை முயலுங்கள். அதே கடையில் தாம்பூலப் பை, வாசல் பலகை போன்ற வேறு அச்சு வேலையைக் கொடுத்து முன்பணத்தை அதில் கழிக்கச் சொல்லுங்கள். உள்ளூர்க் கடைகள் பணத்தைத் திருப்பித் தருவதைவிட இதற்கு எளிதில் இணங்கும்.

அதற்கும் மறுத்தால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. விற்ற பொருளுக்கோ சேவைக்கோ பில் தர மறுப்பதையே அந்தச் சட்டம் நேர்மையற்ற வணிக நடைமுறையாகச் சொல்கிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் பதியலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால், 5 லட்சம் ரூபாய் வரையிலான விவகாரத்துக்குக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே செய்யலாம். 5,000 ரூபாய்க்காக அவ்வளவு அலைய வேண்டுமா என்பதைக் கல்யாண வேலை முடிந்த பிறகு யோசியுங்கள். இரண்டு ஆண்டு அவகாசம் அதற்குத்தான்.

சிவகாசியில் கொடுக்கும்போது முழுப் பணத்தையும் முன்னதாகத் தர வேண்டாம். ஒரு பகுதி ஆர்டரின்போது, மீதி பார்சல் புக் ஆனதும் என்று பேசுங்கள். அட்டையின் ஜி.எஸ்.எம்., அளவு, எண்ணிக்கை, கவர், கிரீசிங், பார்சல் யார் செலவு, எந்தத் தேதிக்குள் வரும் என்ற எல்லாமே எழுத்தில் வேண்டும். "பில் போட்டால் விலை கூடும்" என்பவரிடம் வரியோடு சேர்த்து மொத்த விலை என்ன என்று கேளுங்கள். பில் இல்லாத வேலையில் தப்பு வந்தால், என்ன பேசி முடித்தோம் என்பதையே நிரூபிக்க முடியாது.

பிழை எங்கே நுழைகிறது

பல அச்சகங்களில் வாசகத்தைப் பழைய தமிழ் எழுத்துருக்களில் தட்டெழுதுகிறார்கள். நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் தமிழ் அப்படியே அங்கே ஒட்டாது. யாராவது பார்த்து மறுபடி தட்டெழுதுவார், அல்லது எழுத்துரு மாற்றும் மென்பொருளில் போடுவார். கொம்பு விலகுவதும், ன-ண-ந, ல-ள-ழ மாறுவதும் அந்த இடத்தில்தான். எனவே நீங்கள் அனுப்பிய செய்தியைச் சரிபார்த்துப் பயனில்லை. அச்சுக்குப் போகப்போகும் பக்கத்தின் பி.டி.எஃப். கேட்டு வாங்கி, ஜெராக்ஸ் கடையில் நிஜ அளவில் தாளில் எடுத்து, மூன்று பேர் தனித்தனியாகப் பேனாவோடு படியுங்கள்.

பார்க்க வேண்டியவை: ஆங்கிலத் தேதிக்கும் தமிழ்த் தேதிக்கும் கிழமைக்கும் பொருத்தம், முகூர்த்த நேரத்துக்குப் பக்கத்தில் காலையா மாலையா என்ற சொல், வரவேற்பு முந்தின நாளென்றால் அதன் தேதி, இனிஷியல், இறந்தவர் பெயருக்கு முன் "தெய்வத்திரு", மண்டபத்தின் பெயரோடு தெருவும் ஊரும், தொலைபேசி எண். எண்ணை அந்தத் தாளைப் பார்த்தே அழுத்தி, அழைப்பு சரியாக வருகிறதா என்று பாருங்கள். மண்டபத்துக்கு கியூ.ஆர். குறி போடுவதானால் வரைபட இணைப்பை நேரடியாகத் தாங்கியதாக இருக்கட்டும். இலவசமாகச் செய்து தரும் சில தளங்களின் குறி கொஞ்ச நாளில் காலாவதியாகிவிடும். இரண்டு சென்டிமீட்டருக்குக் குறையாமல் வைத்து, தாளில் எடுத்த பிரதியை இரண்டு போனில் சோதியுங்கள்.

நீங்கள் ஒப்புதல் தந்த மாதிரியில் இருந்த பிழைக்கு நீங்கள்தான் பொறுப்பு. மாதிரியில் சரியாக இருந்து அச்சில் மாறினால் அச்சகம் திருப்பி அடித்துத் தர வேண்டும். அதனால் ஒப்புதலை வாய்மொழியாகச் சொல்லாமல், அந்த பி.டி.எஃப்.-க்குப் பதிலாக எழுதி அனுப்புங்கள்.

தபாலும் வாட்ஸ்அப்பும்

சாதாரணத் தபால் கட்டணம் 20 கிராமுக்கு ஒரு படியாக ஏறும். மேலே சொன்ன அளவில் 300 ஜி.எஸ்.எம். கார்டு சுமார் 12½ கிராம், கவர் சுமார் 5 கிராம். 20-க்குள் அடங்குகிறது. உள்ளே ஒரு தடித்த தாள் கூடினால் தாண்டிவிடும், ஒவ்வொரு கார்டுக்கும் அடுத்த படிக் கட்டணம். பெட்டி கார்டு 100 கிராமைத் தாண்டுவது சாதாரணம். மஞ்சள் தடவி, பெயர் எழுதி, ஒட்டிய ஒரு கவரைத் தபால் நிலையத்தில் நிறுத்துப் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குத் தபால்தலை வாங்குங்கள். தபால்தலை குறைந்தால் கார்டைப் பெறுகிறவரிடம் வசூலிப்பார்கள், அழைப்புக்கு அது அழகில்லை.

மகன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, ஆனால் முழு நியாயம் இல்லை. ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக ஒரே தடவையில் அனுப்பும் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர்வரைதான் சேர்க்கலாம். அதிலும் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்திருப்பவர்களுக்குத்தான் செய்தி போய்ச் சேரும். "அனுப்பினேனே" என்று நீங்களும், "வரவேயில்லையே" என்று அவர்களும் சொல்வது இதனால்தான். தனித்தனியாக, பெயர் சொல்லி அனுப்பச் சொல்லுங்கள். படமாகவோ பி.டி.எஃப். ஆகவோ அனுப்புங்கள், எந்த இணைப்பையும் அழுத்தச் சொல்லாதீர்கள். திருமண அழைப்பிதழ் என்ற பெயரில், போனில் செயலியை நிறுவும் ஏ.பி.கே. கோப்பு அனுப்பிப் போனைக் கைப்பற்றும் மோசடி நடக்கிறது. அறியாத கோப்பைத் திறக்காதவர்கள் செய்வதுதான் சரி, அவர்களுக்கு ஒரு போன் செய்து சொல்லுங்கள்.

வாடகை கார் 25,000 என்பது சிவகாசிக் கார்டுக்கான செலவையே தாண்டுகிறது. பங்காளிகள், தாய்மாமன் வீடு, உங்கள் பிறந்த வீட்டுப் பெரியவர்கள், கணவரோடு உயிராகப் பழகியவர்கள் ஆகியோருக்கு நேரில் வைத்தே ஆக வேண்டும். அந்த வீடுகளை ஊர்வாரியாகச் சேர்த்தால் மூன்று நான்கு நாள் காரில் முடியும். உள்ளூரை மகனின் வண்டியில் பாருங்கள். வெளியூரில் ஒரே ஒரு வீடு மட்டும் இருக்கிற இடங்களுக்கு முதலில் போன் செய்து வாயால் அழைத்துவிட்டுத் தபாலில் அனுப்புங்கள். எங்கே போனாலும் தட்டை நீங்களே நீட்டுங்கள், அம்மா. அதற்கு வேறொரு தம்பதியைத் தேட வேண்டாம்.

நாள் குறைவு, ஐப்பசியிலேயே தொடங்குங்கள்

மார்கழியில் பத்திரிகை வைக்க உங்கள் சொந்தத்தில் தயங்குவார்கள் என்றால், உங்களுக்கு இருப்பது கார்த்திகை முடியும்வரை, பிறகு பொங்கல் கழித்து மூன்று வாரம். சிவகாசி அச்சகங்களில் இந்த மாதங்களில் காலண்டர், டைரி வேலை நெருக்கும். ஆகவே ஐப்பசி முடிவதற்குள் பட்டியலும் வாசகமும், கார்த்திகை முதல் வாரத்தில் ஒப்புதல், கார்த்திகை மூன்றாம் வாரத்துக்குள் பார்சல் கையில். முதல் பத்திரிகை குலதெய்வத்துக்கு. தொலைதூர ஊர்களைக் கார்த்திகைக்குள் முடித்துவிட்டு, உள்ளூரைத் தைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மற்ற அச்சு வேலைகளைப் பற்றிச் சுருக்கமாக: மொய்க் கவர், நன்றி அட்டை இரண்டும் தேவையில்லை. தாம்பூலப் பைக்கு நெய்யாத துணி எனப்படும் பிளாஸ்டிக் பை வேண்டாம், தமிழ்நாட்டில் 2019 முதல் தடைசெய்யப்பட்ட பொருள்களில் அதுவும் ஒன்று. பருத்தி மஞ்சப்பையில் ஒரே நிறத்தில் ஸ்கிரீன் அச்சு போதும். தைப்பது உங்கள் கையிலேயே இருக்கும் வேலை, துணி மட்டும் மொத்தமாக எடுத்தால் இன்னும் குறையும். தேதி போடாமல் பெயர் மட்டும் அச்சிட்டால் மிஞ்சிய பையைக் கடைக்குப் பயன்படுத்தலாம். தெருமுனையில் பெரிய ஃபிளெக்ஸ் பேனர் வேண்டவே வேண்டாம். அதற்கு உள்ளாட்சி அமைப்பின் அனுமதி வேண்டும். 2019-இல் சென்னை பள்ளிக்கரணையில் சாலையில் வைத்திருந்த ஒரு திருமண பேனர் சரிந்து விழுந்து, வண்டியில் போன இளம்பெண் இறந்துபோனார். மண்டப வாசலுக்குள் பெயர்ப் பலகை ஒன்று போதும்.

பதிவும் அரசு உதவியும்

கார்டு இல்லாவிட்டால் பதிவே முடியாது என்ற பயம் வேண்டாம். அழைப்பிதழ், திருமணம் நடந்ததற்கு ஒரு துணைச் சான்று. வயது, முகவரி ஆவணங்களும் சாட்சிகளும் தனியே வேண்டும். 2009-ஆம் ஆண்டு தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டப்படி, திருமணம் நடந்த 90 நாள்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். அழைப்பிதழில் கவனிக்க வேண்டியது பெயர்தான். வீட்டில் கூப்பிடும் பெயரை மட்டும் போட்டு, ஆதாரிலும் சான்றிதழிலும் வேறு பெயர் இருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் கேள்வி வரும். ஆவணத்தில் உள்ள பெயரையும் இனிஷியலையும் அப்படியே அச்சிட்டு, வேண்டுமானால் செல்லப் பெயரை அடுத்துப் போடுங்கள். பத்துக் கார்டுகளை மஞ்சள் தடவாமல் பத்திரமாக எடுத்து வையுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். ஏழை விதவையர் மகள் திருமணத்துக்குத் தமிழக அரசின் ஈ.வெ.ரா. மணியம்மையார் நினைவு நிதியுதவித் திட்டம் இருக்கிறது. பண உதவியோடு தாலிக்குத் தங்கமும் தருவார்கள். திருமணத்துக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டிய திட்டம் இது, அழைப்பிதழும் கேட்பார்கள். இந்த வாரமே மாவட்ட சமூக நல அலுவலகத்திலோ இ-சேவை மையத்திலோ உங்கள் வருமானத்துக்குப் பொருந்துமா, எத்தனை நாள் முன்னதாகத் தர வேண்டும், என்னென்ன சான்றிதழ் வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். கணவரின் இறப்புச் சான்றிதழ், விதவைச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் என்று ஒவ்வொன்றுக்கும் நாள் பிடிக்கலாம். கார்டு வரும்வரை காத்திருக்காமல் அவற்றுக்கு இப்போதே விண்ணப்பித்துவிட்டு, சிவகாசி பார்சல் வந்த அன்றே ஒரு கார்டை இணைத்து மனுவைக் கொடுங்கள்.